கலைந்ததும் கலைத்ததும்

அடுத்தவர் காகிதத்தைப் படித்துச் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு ஆர்வமும் கூடாது, அவசரமும் கூடாது; எனக்கு இரண்டும் உண்டு, இருபத்திரண்டு வருடமாகக் கடையும் உண்டு.

செஞ்சியில் தாலுகா ஆபீசுக்குப் போகிற வழியில் இருக்கிறது கடை. போர்டில் 'டைப்பிங், ஜெராக்ஸ், மொழிபெயர்ப்பு' என்று இருக்கும். மூன்றாவது வார்த்தையை ஒரு துணிச்சலில் பிறகு சேர்த்தேன். அதுவரை பட்டா மாறுதல் மனு, வருமானச் சான்று மனு, தொலைந்துபோன மார்க் ஷீட்டுக்கு மனு என்று பிழைப்பு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்ததும் ஆஸ்பத்திரிப் பேப்பர்கள் வர ஆரம்பித்தன. டாக்டர் சொன்னது சிலருக்குப் புரிந்திருக்காது. புரிந்தவர்களுக்கு நம்பிக்கை வந்திருக்காது. பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக வந்து, "இன்னா எழுதியிருக்குதுன்னு பாருங்க பாய்" என்று நீட்டுவார்கள். நான் படித்தது பி.ஏ. வரலாறு, டைப்ரைட்டிங் ஹையர். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கடையில் என்னோடு இருப்பது என் மனைவி ஜரீனா. ஜெராக்ஸ் மெஷின் அவள் பொறுப்பு. காகிதத்தைப் படிக்கமாட்டாள், கொண்டுவந்தவர் முகத்தைப் படிப்பாள். மூன்றாவது ஆள் என்று சொன்னால், அது என் சீல். 'மொழிபெயர்ப்பு சரிபார்க்கப்பட்டது' என்று ஊதா மையில் விழும். நானே ஆர்டர் கொடுத்துச் செய்துகொண்டது. அதற்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனால் நம் ஜனங்களுக்கு ஊதா நிறத்தில் வட்டமாக எது இருந்தாலும் அது கவர்மெண்ட். மருந்துக் கடை, தையல் கடை, ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, ஊரார் ரகசியம் எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். உங்களுக்கும் ஒரு காகிதம் இப்படி வந்திருக்கும்.

சொல்லிக்கொள்ளும்படி இல்லாத மூளை

முதலில் சின்னத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ரிட்டையர் ஆன தமிழாசிரியர் ஒருவர், ஊருக்கே தமிழய்யா, எனக்கு ஒன்பதாம் வகுப்பில் அய்யா. தலைசுற்றுகிறது என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தார். ரிப்போர்ட்டில் மூளைக்கு நேராக ஒரே ஒரு வார்த்தை: 'அன்ரிமார்க்கபிள்'. கோளாறாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதை டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்களாம். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு டிக்ஷனரியைப் பார்த்து ரொம்ப நேர்மையாக, 'மூளை: குறிப்பிடத்தக்கதாக இல்லை' என்று டைப் அடித்து, சீலும் வைத்துக் கொடுத்தேன்.

அய்யா வீட்டுக்குப் போய்ப் படித்திருக்கிறார். மறுநாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது வெளியே நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தக் காகிதம். தலைசுற்றல் சுத்தமாகப் போயிருந்தது, கோபத்தில் நேராக நின்றார். "முப்பத்தாறு வருஷம் இலக்கணம் நடத்தின மூளைடா இது. ஒன்பதாம் வகுப்புல நான் போட்ட மார்க்குக்கு இப்பப் பழி வாங்கறியா?"

கட்டை விரல்

வயிற்றுக்குக் கீழே சம்பந்தப்பட்ட பேப்பர் என்றால் அதை எட்டாக மடித்துத்தான் கொண்டுவருவார்கள். ஆண்கள் என்றால் அது எப்போதும் ஃப்ரெண்டுடையதாக இருக்கும். ஒருநாள் ஒரு ஆள் வந்து, ஜரீனா டீ வாங்கப் போகும்வரை வாசலில் நின்று கோட்டை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலை மறைந்ததும் உள்ளே வந்தார். "ஒரு ஃப்ரெண்டுது பாய்." பேப்பரை விரித்தார், கட்டை விரலைப் பெயர் மேல் வைத்துக்கொண்டார். 'ஹைட்ரோசீல்' என்று எழுதியிருந்தது. விரையில் நீர் கோத்துக்கொண்டு வீங்குவது, பயப்பட ஒன்றுமில்லை, சின்ன ஆபரேஷன் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

ஃப்ரெண்டுக்கு எத்தனை நாள் ரெஸ்ட், ஃப்ரெண்டு வண்டி ஓட்டலாமா, ஃப்ரெண்டு சம்சாரத்திடம் சொல்லித்தான் ஆகவேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். அதெல்லாம் டாக்டரைக் கேளுங்கள் என்றேன். சரி என்று படியில் மெல்ல இறங்கினார். காலை அகட்டி அகட்டி நடப்பதை நான் பார்ப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி நின்று சொன்னார்: "அவனுக்கு ரொம்ப வலி பாய், அதான் நான் இப்டி நடக்கறேன்."

அமாவாசை

இப்போது பெரிய தப்பு. மேல்மலையனூர் கோயில் அமாவாசை என்றால் ஸ்பெஷல் பஸ்சும் கூட்டமுமாக எங்கள் ஊரே திணறும். கோயிலுக்கு வருகிறவர்களில் கொஞ்சம் பேர் தாலுகா ஆபீஸ் வேலையையும் அப்படியே முடித்துக்கொண்டு போகலாம் என்று வருவார்கள். அன்றைக்குத்தான் ஏழுமலை வந்தான். நெல் மண்டியில் லோடு வண்டி ஓட்டுகிறவன், முன்னாடி லைசென்ஸ் வேலைக்காக வந்து பழக்கம். அவன் மனைவி கோமதி ஷூ கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ் ஊருக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். கல்யாணமாகி நாலு வருடத்தில் மூன்று தடவை கர்ப்பம், மூன்றும் மூன்றாம் மாதம் தாண்டவில்லை. அவன் அம்மா பச்சையம்மாவுக்கு ஒரு சந்தேகம். வேலை போய்விடும் என்று மருமகளே மாத்திரை போட்டுக்கொள்கிறாள் என்று தெருவில் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

ஏழுமலை மனைவியை நம்பினான். இதை நீங்கள் மறக்கக் கூடாது, நான் மறக்கவில்லை. வெளியூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் பேப்பரை நீட்டி, "இதத் தமிழ்ல அடிச்சிக் குடுங்க பாய். எங்கம்மாவாண்ட படிச்சிக் காட்டிட்டா பிரச்சின முடிஞ்சிடும்" என்றான். அவனுக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். பேப்பரில் இரண்டு இடம் எனக்குப் புதிது. ஒன்று, 'ஸ்பான்டேனியஸ் அபார்ஷன், மூன்று முறை'. இன்னொன்று, 'ஹேபிச்சுவல் அபார்ட்டர்'. போனில் தட்டினேன். ஸ்பான்டேனியஸ் என்றால் தன்னிச்சையான. அபார்ஷன் என்றால் கருக்கலைப்பு. ஹேபிச்சுவல் என்றால் பழக்கமான. அப்படியே கோத்து, 'தன்னிச்சையாக மூன்று முறை கருக்கலைப்பு. நோயாளி பழக்கமாகக் கருக்கலைப்பு செய்துகொள்பவர்' என்று அடித்தேன். அடிக்கும்போது கை ஒரு நொடி நின்றது. பின்னால் ஒருத்தர், "பாய், பஸ் போயிடும்" என்றார். கை மறுபடி ஓடியது.

ஏழுமலை வாங்கிப் படித்தான். மெதுவாக, வாய்க்குள்ளேயே, இரண்டு தடவை. முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. காகிதத்தை மேஜையில் வைத்து என் பக்கம் நகர்த்தினான். "சீல் வெச்சிக் குடுங்க பாய்."

பழக்கம்

ஐந்தாம் நாள் மதியத்துக்கு முன்னால் ஒரு பெண் வந்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் கிடந்தது. ஆனால் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. போகிற எண்ணத்தில் கிளம்பி, பஸ் வந்தும் ஏறாமல் நின்றுவிட்டாளாம். நான் அடித்த காகிதத்தை மேஜையில் விரித்து, உள்ளங்கையால் நீவி வைத்தாள். அப்போதுதான் இது கோமதி என்று எனக்குத் தெரிந்தது. அமாவாசை அன்று சாயங்காலமே ஏழுமலை அவளை மண்டகப்பட்டுப் பக்கம் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டான். திட்டவில்லை, கை நீட்டவில்லை. இந்தக் காகிதத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறான். அவளைப் பெற்ற நைனா அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

"இது நீங்க அடிச்சதாண்ணா?" ஆமாம் என்றேன். "இங்கிலீஷ்ல அப்டியேதான் இருக்குதா?" அப்படியேதான் என்று போனை எடுத்து ஒவ்வொரு வார்த்தையாகக் காட்டினேன். என் பக்கம் சாட்சி இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னத் திருப்திகூட இருந்தது, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவள் போனைப் பார்த்தாள், பேப்பரைப் பார்த்தாள். அழவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்: "பல்லு வெளக்கறது பழக்கம், டீ குடிக்கறது பழக்கம். வயித்துல இருக்கற புள்ள போறது எப்டிண்ணா பழக்கம் ஆவும்?"

மெஷின் பக்கத்திலிருந்து

கோமதி போன பிறகு ஜரீனா பேசவில்லை. வந்தவர்களுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள், பேப்பர் மாட்டிக்கொண்டதை எடுத்தாள், தட்டில் தாள் நிரப்பினாள். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தி நாலு வருடம். அவள் பேசாமல் வேலை செய்தால் நான் ஏதோ செய்திருக்கிறேன் என்று அர்த்தம், என்ன என்பதை நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். சாப்பிட டிபன் பாக்ஸைத் திறந்து எனக்கு முன்னால் வைத்தாள், அவளுடையதைத் திறக்கவில்லை.

"வார்த்தை அப்படித்தானே இருக்கு? நான் என்ன பண்ண முடியும்?" என்றேன். அவள் மெஷினைப் பார்த்தபடியே சொன்னாள். எங்கள் பெரியவன் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. இருபது வருடமாக நாங்கள் இருவரும் வாயெடுத்துச் சொல்லாதது. "நமக்கும் ரெண்டு தடவ போச்சில்ல? அது நான் கலைச்சதா, தானா கலைஞ்சதா? அதையும் டைப் பண்ணுங்க. சீலும் வெச்சிக் குடுங்க."

ஃப்ரெண்டு பொம்பளையா?

மறுநாள் காலையில் ஒரு டாக்டரம்மா கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். சுற்றிலும் கர்ப்பிணிகள், நடுவில் நான் ஒருத்தன். என் முறை வந்ததும் உள்ளே போய், அமாவாசை அன்று கடையில் எடுத்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் பேப்பரின் ஜெராக்ஸை விரித்து, பெயர் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு, "ஒரு ஃப்ரெண்டுது" என்றேன். சொன்ன பிறகுதான் யார் ஞாபகமோ வந்தது.

டாக்டரம்மா படித்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். மருத்துவத்தில் அபார்ஷன் என்பது பொதுவான வார்த்தை. கரு ஆரம்ப மாதங்களில் எப்படிப் போனாலும் அதுதான் பெயர், தானாகப் போனாலும் சரி, வேண்டுமென்று செய்தாலும் சரி. தானாகப் போனது என்று காட்டத்தான் முன்னால் ஸ்பான்டேனியஸ் என்று போடுவது. மூன்று முறையோ அதற்கு மேலோ தொடர்ந்து அப்படி ஆனால் ஹேபிச்சுவல். அதில் பழக்கமும் இல்லை, அந்தப் பெண் செய்தது என்றும் எதுவும் இல்லை. "பழைய வார்த்தை. கேக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்குதுன்னு இப்பல்லாம் தொடர் கருச்சிதைவுங்கற அர்த்தத்துல வேற மாதிரி எழுதறோம்" என்றார். பிறகு கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். 'கணவன், மனைவி இருவரும் பரிசோதனைக்கு வர வேண்டும்.' அந்த வரியை நான் சரியாகத்தான் மொழிபெயர்த்திருந்தேன். ஆனால் எந்த வீட்டிலும் அதுவரை யாரும் படிக்கவில்லை, மேலே இருந்த இரண்டு வரியிலேயே எல்லாம் முடிந்துபோயிருந்தது.

எழுந்தேன். பேப்பரை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "உங்க ஃப்ரெண்டு பொம்பளயா பாய்? அப்போ மொதல்ல அவங்க தப்பு ஒண்ணும் இல்லன்னு போய்ச் சொல்லுங்க."

ஒரு புள்ளி

கடைக்கு வந்தால் தமிழய்யா உட்கார்ந்திருக்கிறார். மூளைக்குத் திருத்தம் வாங்காமல் போவதில்லை என்று வாரத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்தார். நான் பெயரைச் சொல்லாமல், அந்த இரண்டு வரியை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். சிவப்புப் பேனா கேட்டார். இல்லை என்றேன். பச்சை கொடு என்றார்.

"தன்னிச்சை. இச்சைன்னா என்ன?" ஆசை என்றேன். "தன் இச்சை. அவளே ஆசைப்பட்டுன்னு எழுதியிருக்க. தானாகன்னு எழுத உனக்கு வலிச்சுதா?" அடுத்த வார்த்தைக்கு வந்தார். கலைந்தது, கலைத்தது என்று இரண்டையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினார். "கலைந்தது தன்வினை. யாரும் எதுவும் பண்ணல, மேகம் கலையற மாதிரி. கலைத்தது பிறவினை. ஒருத்தர் கை உண்டு அதுல. நடுவுல இருக்கற எழுத்தப் பாரு. ந் போட்டா நடந்தது, த் போட்டா செஞ்சது. புள்ளி வெச்ச ஒரே ஒரு எழுத்து." கருக்கலைப்பு என்பதைப் பச்சை மையில் அடித்துக் கருச்சிதைவு என்று எழுதினார்.

 ஒன்பதாம் வகுப்பில் இதே பாடத்தில்தான் எனக்கு மார்க் போனது. அப்போது போனது என் மார்க் மட்டும்தான். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அய்யா தன் ரிப்போர்ட்டை எடுத்து அதே மேஜையில் வைத்தார். "அந்தப் பொண்ணு விஷயம் முடிஞ்சுது. இப்ப என் மூளை எப்படி இருக்குதுன்னு ஒழுங்காத் தமிழ்ல எழுது."

எது நிஜம்?

புதிதாக டைப் அடித்தேன். 'தானாகவே மூன்று முறை கருச்சிதைவு. நோயாளி தொடர் கருச்சிதைவுக்கு உள்ளாகிறவர்.' சீல் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மேல்மலையனூர் ரோட்டில் இருக்கும் ஏழுமலை ஊருக்குக் கிளம்பினேன். ஜரீனா செருப்பைப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். நான் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பச்சையம்மா வாசலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். ஏழுமலை வண்டிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தவன், எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் தப்பாக எழுதிவிட்டேன், இதுதான் சரி என்று காகிதத்தைக் கொடுத்தேன். அவனுக்கு அது சட்டென்று உள்ளே போகவில்லை. பச்சையம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மகன் கையிலிருந்து வாங்கி, சீலை மட்டும் கவனமாகப் பார்த்தார். "அன்னிக்கும் இதே சீலு. இன்னிக்கும் இதே சீலு. அவ வந்து உங்க கால்ல வுழுந்தாளா?" என்றார். இல்லையம்மா, தன்வினை என்று ஒன்று, பிறவினை என்று ஒன்று என ஆரம்பித்தேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். ஓட்டுக் கேட்க வந்தவனைப் பார்ப்பது போல இருவரும் பார்த்தார்கள். கருச்சிதைவு என்றேன். "அதுவும் கருக்கலைப்பும் ஒண்ணுதான பாய்?" என்றான் ஏழுமலை. காகிதத்தில் இருந்த ஒரு வார்த்தைகூட அந்த வாசலில் புழங்கும் வார்த்தை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜரீனா முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்சம் மல்லாட்டையை எடுத்துத் தானும் உரிக்க ஆரம்பித்தாள். "உங்களுக்கு எத்தினி புள்ளைங்க பெரிம்மா?" என்றாள். "நாலு. இவன் கடைசி. இவனுக்கு முன்னாடி ரெண்டு நிக்கல." ஜரீனா தலையைத் தூக்காமலே கேட்டாள். "நிக்கலயா, நீங்க நிக்க வுடலயா?" பச்சையம்மா கை நின்றுவிட்டது. "இன்னா பேச்சு பேசற நீ? பெத்து வளக்கணும்னு எத்தினி கோயிலு போனேன். அது நிக்கல, நான் இன்னா பண்ணுவேன்?" குரல் கடைசியில் உடைந்தது. அந்த இரண்டையும் பற்றி அந்த வாசலில் ரொம்ப நாளாக யாரும் கேட்டிருக்கவில்லை என்று தோன்றியது. "எனக்கும் ரெண்டு நிக்கல பெரிம்மா" என்றாள் ஜரீனா. "கோமதிக்கு மூணு நிக்கல. அவ்ளோதான் அந்தப் பேப்பரு."

ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான். பச்சையம்மா முறத்தைத் தள்ளி வைத்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அந்த இங்கிலீசுல நிக்கலன்னா எழுதியிருக்குது?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். என் காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "இத மொதல்லயே தமிழ்ல எழுதியிருந்தா இன்னா பாய்?"

லேமினேஷன்

அன்றைக்கே ஏழுமலை கூப்பிடப் போனான். கோமதி உடனே கிளம்பிவிடவில்லை. வண்டி திரும்பிய அந்தச் சாயங்காலத்தை அவள் அவ்வளவு லேசில் விடவில்லை, விடவும் கூடாது என்பது என் கட்சி. மூன்றாம் நாள்தான் வந்தாள். இருவரும் பரிசோதனைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்தார்கள். ஏழுமலை உள்ளே வராமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணா" என்று அவள் சொல்லவில்லை. தலையை ஆட்டினாள், அது எனக்குப் போதும்.

மூன்றாம் முறையாக அடித்தேன். 'மூன்று முறையும் கரு நிற்கவில்லை, தானாகவே கலைந்தது. யாரும் கலைக்கவில்லை.' இரண்டாவது வாக்கியம் மூலத்தில் கிடையாது. மொழிபெயர்ப்பில் இல்லாததைச் சேர்ப்பது தப்பு. இத்தனை வருடத்தில் நான் தெரிந்தே செய்த தப்பு அது ஒன்றுதான். கோமதி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். 'கலைக்கவில்லை' என்ற இடத்தில் விரலை வைத்து இன்னொரு தடவை படித்தாள். பிறகு லேமினேட் செய்து தரச் சொன்னாள். இதற்கெல்லாம் எதற்கம்மா, ஃபைலில் வைத்தால் போதும் என்றேன். ஜரீனா என்னைப் பார்த்த பார்வையில் மெஷினைச் சூடு செய்யப் போனேன். சூடு ஏறுகிற வரைக்கும் கோமதி அந்தக் காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "அடுத்த தடவயும் நிக்கலன்னா இத எடுத்துக் காட்டணும். அதுவரைக்கும் கிழியாம இருக்கணும்ண்ணா."

புள்ளி வைத்த ஒரு எழுத்தைத் தப்பாகப் போட எனக்குப் பத்து நிமிடம், அதைச் சரிசெய்யப் பதினொரு நாள், ஆனால் சீல் வைக்க மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே நொடிதான் ஆயிற்று.